உலக்கையிலிருந்து ஒரு பேனா

கருங்காலியில் பேனா கடையாதே என்று யாரும் எனக்குச் சொல்லாமல் இல்லை. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிற அண்ணாச்சி, நான் நீட்டிய கட்டையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது உலக்கைக்கு உள்ள மரம்லா சார், இதுல போயி பேனாவா?" என்றார். உலக்கையிலிருந்துதான் அறுத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. வீட்டிலும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

மிக்ஸி வந்த நாளிலிருந்து மூலையில் சாத்திக் கிடந்த, பாட்டி காலத்து உலக்கை. உலக்கை தேய்ந்து உளிப்பிடி ஆகும் என்று பழமொழியே இருக்கிறது. நான் அந்தப் பணியை இன்னும் கொஞ்சம் முன்னெடுத்துச் சென்றேன், அவ்வளவுதான்.

கட்டைக்கு நடுவே 7 மில்லிமீட்டர் துளை போட்டு, அதில் பித்தளைக் குழாயைப் பசை வைத்துச் செருக வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசலே. கருங்காலி வைரம் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வராது. பொடிப்பொடியாக வந்து டிரில் பிட்டின் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி பிட்டை வெளியே இழுத்து, தட்டி, ஆறவிட்டு மறுபடி இறக்க வேண்டும். சூடேறினால் கட்டை வெடிக்கும். ஆறவிடுகிற பொறுமை இருப்பவன் எதற்கு மாடியறையில் கடைசல் மெஷின் வாங்கிப் போடுகிறான்? ஒரு கட்டை நீளவாக்கில் பிளந்தது. இன்னொன்றில் பிட் நடுவே நுழைந்து விலாவழியாக வெளியே வந்து என்னை எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் உலக்கையிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

"என்னங்க, இது என் தோளுக்கு மேல நிக்குமே, இப்ப இடுப்புக்கு நிக்குது?"

"பழைய மரம். காயக் காயச் சுருங்கும்."

மரம் குறுக்குவாக்கில்தான் சுருங்கும், நீளத்தில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது என்கிற அறிவியல் எங்கள் வீட்டுக்கு இன்னும் வந்து சேராதது என் பூர்வ புண்ணியம்.

அந்தத் தூள் கண்ணுக்கும் மூக்குக்கும் ஆகாது. முகக்கவசம் போட்டும் பயனில்லை. பேனா எழுதுவதற்கு முன்பே நான் கைக்குட்டையில் கறுப்பு மையால் எழுத ஆரம்பித்துவிட்டேன். உப்புத்தாள் போட்ட சூட்டில் மயிரிழை வெடிப்புகள் வேறு. கருங்காலி செய்கிற ஒரே உபகாரம் இங்கேதான்: அதன் தூளையே வெடிப்பில் திணித்து சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால், வெடிப்பு இருந்த இடமே தெரியாது. என் பேனாவில் மரம் எத்தனை பங்கு, பசை எத்தனை பங்கு என்று கேட்காதீர்கள். என் இரண்டு விரல்களும் கொஞ்ச நேரம் அதில் பங்குதாரர்களாக இருந்தன.

மெழுகு பூசி மெருகேற்றியதும் கன்னங்கரேலென்று, ஒரு ரேகைகூடத் தெரியாமல் வழவழத்தது. அச்சு அசல் ப்ளாஸ்டிக். ரப்பரில் கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்தி, கருங்காலி மாதிரியே கறுத்து மின்னும் எபனைட்டை 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள். 1930களில் ராஜமுந்திரியில் சுதேசிப் பேனா கடைந்தவர்களும் அதில்தான் கடைந்தார்கள். விவரமானவர்கள். அவர்கள் வீட்டு உலக்கைகள் முழு நீளத்தில் இருந்திருக்கும்.

போன வாரம் பேங்கில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர், "சார், அந்த ப்ளாஸ்டிக் பேனாவக் கொஞ்சம் தாங்க" என்றார். ப்ளாஸ்டிக் இல்லை என்று ஆரம்பித்து, வைரம், பித்தளைக் குழாய், ராஜமுந்திரி வரை விளக்கினேன். சூப்பர் குளூவுக்கு வருவதற்குள் அவர், கவுண்டரில் நூல் கட்டித் தொங்கிய பேனாவால் எழுதி, பணத்தைக் கட்டி, ரசீதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.