ஆயுளுக்கு ஒருமுறை திறக்கும் வாசல்

திருச்சி பெல்லுக்குக் கொதிகலன் ஆர்டர் குறைந்தபோது, துவாக்குடிப் பட்டறைகள் பலவற்றுக்குப் பூட்டு விழுந்தது. எக்ஸ்ரே எடுத்தாலும் குறை தெரியாதபடி குழாயைப் பற்றவைத்த வெல்டர், வாசலில் நின்றார்.

கவலை வேண்டாம், சட்டம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்பில் வேலை போனவருக்கு மறுதிறன் நிதியாக 15 நாள் சம்பளம். அது 45 நாளுக்குள் கணக்கில் ஏறும். ஆக, ஒன்றரை மாதம் காத்திருந்து அரை மாதச் சம்பளம் வாங்கி, அதில் புதுத்தொழில் கற்று, மீதியில் மகளுக்குக் காலேஜ் ஃபீஸும் கட்டிவிடலாம்.

ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் இன்னும் யோகம். 2018இல் வந்த அடல் திட்டத்தில் 90 நாள்வரை பாதிச் சம்பளம் உண்டு. ஆனால் ஆயுளுக்கு ஒரே தடவைதான். ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசலே வருஷா வருஷம் திறக்கிறது!

1992இலேயே மறுபயிற்சிக்கென்று தேசியப் புதுப்பிப்பு நிதி தொடங்கினார்கள். அதில் பெரும்பகுதி, விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பவே செலவானது. வீட்டில் சும்மா உட்காரவும் பயிற்சி வேண்டும்தானே! சான்றிதழ் கொடுக்கத்தான் மறந்துவிட்டார்கள்.