பிணம் வேண்டும்

இளங்கலையில் ஒப்பிலக்கியம் எடுத்திருக்கிறேன் என்றதும் அப்பாயிக்கு முகமெல்லாம் பல். "ஒப்பாரியா? அதுக்கு ஏன்டா கோலாலம்பூரு வரைக்கும் போனே? நானே சொல்லித் தந்திருப்பேனே!"

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் வருவது அப்பாயியைத் தேடித்தான். பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயம் போனது. இப்போது ஈப்போ புந்தோங்கில் அடுக்குமாடி வீடு. இங்கேயும் சாவுக்குக் குறைவில்லை. ஆனால் ஒப்பாரி பென்டிரைவில் வருகிறது.

பாடத்தை விளக்கப் பார்த்தேன். மலாய்ப் பந்துனுக்கு நாலு அடி. முதல் இரண்டும் 'பெம்பாயாங்': மரம், பறவை, ஆறு என்று எங்கோ சுற்றும். சொல்ல வந்த சங்கதி பின்னிரண்டில். எஸ்.பி.எம். தேர்வுக்காக நாங்கள் உருப்போட்டு வெறுத்த இந்தச் சரக்கை விக்டர் ஹியூகோ 1829இல் தம் கவிதை நூலின் குறிப்புகளில் சேர்த்தார். பிரெஞ்சுக் கவிஞர்கள் சொக்கிப்போனார்கள். கடல் தாண்டியதில் ஒற்று மாறிப் 'பாந்தூம்' ஆனது. போதலேர்கூட அந்தச் சாயலில் ஒன்று எழுதினார்.

"நம்ம தொல்காப்பியத்துல இதுக்குப் பக்கத்துல வர்றது இறைச்சி, அப்பாயி."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறிப் பேச்சு வேணாம்."

பேச்சை மாற்றினேன். ஆன்றி ஃபோகோன்யே என்றொரு பிரெஞ்சுக்காரர் மலாயாவில் ரப்பர் தோட்டம் போட்டார், அதை வைத்து 'மலேசி' என்று நாவல் எழுதினார், 1930இல் கொன்கூர் பரிசே வாங்கினார் என்றேன். அப்பாயி வெற்றிலையை மடித்தார்.

"தொரைக்கு எழுத நேரம் இருந்திருக்கு. விடியுமுன்னே பெரட்டுக்கு நாங்கல்ல போனோம்."

அந்த நாவலைப் பற்றி நான் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். இது அதில் இல்லை.

கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்குப் பந்துனையும் ஒப்பாரியையும் எடுத்துக்கொண்டேன். கைப்பேசியில் பதிவை முடுக்கிவிட்டு, "பாடுங்க" என்றேன்.

"பொணம் இல்லாம எப்படிடா பாட்டு வரும்?" சுற்றுமுற்றும் பார்த்தார். "நீ செத்த படு."

படுத்தேன். கைப்பேசி என் நெஞ்சின் மேல். தலைமாட்டில் உட்கார்ந்து அப்பாயி எடுத்தார் பாருங்கள்! முதல் இரண்டடியில் பால்மரம், மங்கு, மழை. அடுத்த இரண்டில், இத்தனை படித்தும் சம்பளம் காணாத பேரன். அச்சு அசல் பந்துன். புல்லரித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மாக்சிக் அலறியடித்து ஓடிவந்து, வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரியாதைக்காக நான் எழுந்து உட்கார்ந்தேன்.

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வர இரண்டு வாரம் ஆயிற்று.