விடுதித் திணை: ஒரு பெரிய பாத்திரத்தை முன்வைத்து

தலைவன் கல்விக்காகப் பிரிந்து போவதை ஓதற்பிரிவு என்று தொல்காப்பியர் வகுத்தார். அது மூன்றாண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் கட்டினார். ஜெர்மனியில் முதுகலைப் படிப்பு ஏட்டளவில் இரண்டு ஆண்டு; ஆய்வேடு, பகுதிநேர வேலை, தேறாத ஒரு தாள் என்று இழுத்து நம் பிள்ளைகளில் பலர் மூன்றைத் தொட்டுவிடுகிறார்கள். ஆக, இலக்கணம் இன்றும் செல்லுபடியாகிறது. ஆனால் ஓதப் போனவன் போன இடத்தில் தீபாவளிக்கு என்ன சாப்பிட்டான், யாரோடு சாப்பிட்டான், பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்பது மூல நூலிலும் இல்லை, உரையாசிரியர்களிடமும் இல்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுகிறது.

முதலில் முதற்பொருள். நிலம், ஐந்திணையில் எதிலும் அடங்காத மாணவர் விடுதிப் பொதுச் சமையலறை. ஆய்வுக் களம், ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆகென் நகரம். 1870-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கே இருப்பதால் பொறியியல் படிக்க வரும் இந்தியர் கூட்டம் பெரிது. நான்கு வட்டம் போட்ட கண்ணாடி அடுப்பு, பூட்டுப் போட்ட சிறு அலமாரிகள், ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு. பால் பாக்கெட்டில் உரியவர் பெயர் எழுதியிருக்கும். பெயர் எழுதியதால் பால் குறையாது என்று பொருளல்ல.

பொழுதுதான் சிக்கல். தீபாவளி 2023-இல் ஞாயிறு, 2024-இல் வியாழன், 2025-இல் திங்கள் என்று பஞ்சாங்கம் சொல்லும். விடுதியில் மூன்றும் சனிக்கிழமையே. வார நாளில் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஞாயிறு ஓய்வுக்கும் உள்ளம் உயர்வதற்குமான நாள் என்று 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டம் சொன்னதை இன்றைய அரசியல் சட்டமும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கொத்தமல்லித் தழை இல்லாமல் உள்ளம் எப்படி உயரும் என்பதைச் சட்ட வல்லுநர்கள்தான் ஆராய வேண்டும். ஆகென்வாசிகளுக்கு மட்டும் இதற்கொரு புறனடை உண்டு. நகரப் பேருந்தில் ஏறினால் எல்லைக்கு அப்பால் நெதர்லாந்தின் வால்ஸ். அங்கே ஞாயிறும் கடை திறந்திருக்கும். ரசத்துக்குத் தழை வாங்க வெளிநாடு போய்த் திரும்பும் வசதி சென்னையில்கூட இல்லை.

பட்டாசுக்கு வேறு விதி. ஜெர்மனியில் பொதுமக்களுக்கு வெடி விற்பது ஆண்டின் கடைசிச் சில நாட்களில் மட்டும். கொளுத்துவது டிசம்பர் 31, ஜனவரி 1. ஆகவே எண்ணெய்க் குளியல் அக்டோபரிலும் சரவெடி டிசம்பரிலும் நிகழும் ஒரே தீபாவளி அங்கேதான் பதிவாகியிருக்கிறது. பொங்கலன்று சூரியனுக்கும் தாமதம். ஜனவரி நடுவில் ஆகெனில் அவர் உதிக்க எட்டரை மணி ஆகும், அதுவும் மேகத்துக்குப் பின்னால். தெற்கு எது, கிழக்கு எது என்று கைப்பேசியில் பார்த்து ஜன்னல் பக்கமாகக் கும்பிடுவதே வழக்கு.

கருப்பொருளில் உணவைத்தான் விரிவாகப் பேச வேண்டும். பச்சரிசிக்கு மில்ஷ்ரைஸ் என்ற உருண்டை அரிசி. ஜெர்மானியர் அதைப் பாலில் குழைய வேகவைத்து, சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவிச் சாப்பிடுவார்கள். அதனால் சர்க்கரைப் பொங்கலை முதன்முறை வாயில் வைக்கும் ஜெர்மன் மாணவன் அதிசயிப்பதில்லை. எங்கள் பாட்டி இதைச் செய்வார், முந்திரி போடமாட்டார் என்று திருத்தம் சொல்வான். ரவைக்கு க்ரீஸ், நெய்க்கு பட்டர்ஷ்மால்ட்ஸ், வெண்டைக்காய்க்குத் துருக்கியர் கடை. கறிவேப்பிலைக்கும் வெல்லத்துக்கும் மட்டும் ஈழத்தமிழர் கடையை விட்டால் கதியில்லை. ஆகென் இருக்கும் அதே மாநிலத்தில், ஹாம் நகரத்தில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. ஓதப் போனவர்கள் முருங்கைக்காய் வாங்குவதற்கு வழி செய்து வைத்தவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே போரால் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். இந்த ஆய்வில் நகைச்சுவைக்கு இடமில்லாத வரி இது ஒன்றுதான்.

இத்திணைக்குரிய பறை, புகை எச்சரிக்கைக் கருவி. கடுகு வெடித்து மிளகாய் கருகும் நொடியில் முழங்கும். அப்போது ஒருவர் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறுவார். புள், உறைய வைத்த கோழி. தெய்வம், ஆளுக்கு ஒன்று.

இனி அயல் திணை மயக்கம். மார்ச் 20 வாக்கில் ஈரானியர் நவ்ரூஸ் கொண்டாடுவார்கள். சீன் என்ற எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்களை மேசையில் அடுக்குவார்கள். சோற்றின் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் பற்றுக்குப் பெயர் தஹ்திக். நம் வீட்டில் அடிப்பிடித்தால் ஏச்சு கிடைக்கும்; அவர்களிடம் அந்தத் துண்டுக்காகத்தான் சண்டை. நோன்பு துறப்புக்குக் கணக்கு வேறு. 2016-இல் ரமலான் ஜூனில் வந்தபோது ஆகெனில் சூரியன் மறைய ஏறக்குறைய இரவு பத்து மணி. விடுதியில் அமைதி நேரம் தொடங்குவதும் பத்து மணி. ஆகவே பசித்த இளைஞர் பலர் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு பேரீச்சம்பழத்தை மெல்லும் ஓசைகூட வராமல் உண்ட காட்சியை அக்காலத்து விடுதிகள் கண்டன. 2026-இல் அது பிப்ரவரி, மார்ச்சில் வந்து ஆறு, ஆறரைக்கே சூப்பைக் கொடுத்துவிட்டது.

எல்லாவற்றிலும் விந்தை கிறிஸ்துமஸ். டிசம்பர் 24 பிற்பகலோடு கடைகள் அடைபடும். 25, 26 விடுமுறை. ஜெர்மன் மாணவர் அனைவரும் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். அங்கே பல வீடுகளில் அன்றிரவுச் சாப்பாடு உருளைக்கிழங்கு சாலட்டும் அவித்த சாசேஜும் என்று அறிந்து, திருவிழாவுக்கு இதுவா என்று கண்கலங்கிய மதுரைக்காரரை இவ்வாய்வாளர் அறிவார். விடுதியில் எஞ்சுபவர்கள் இந்தியர், ஈரானியர், சீனர், நைஜீரியர். அதாவது, கிறிஸ்துமஸைக் கூட்டமாகக் கொண்டாடும் பொறுப்பு பெரும்பாலும் அது தம் வீட்டுப் பண்டிகை இல்லாதவர்கள் தலையில் விழுகிறது. அவர்களும் குறை வைப்பதில்லை. பிரியாணி, இறைச்சி அடைத்த சீனக் கொழுக்கட்டை, ஆகெனுக்கே உரிய பிரின்டன் என்னும் மசாலா பிஸ்கட். பிஸ்கட் கல்லைப் போலிருக்கும். தேநீரில் நனைக்கத் தெரிந்த இனங்களுக்கு அதனால் பாதகமில்லை.

இத்தனையும் எதில் சமைக்கப்பட்டன? இங்கேதான் முந்தைய ஆய்வாளர்கள் சறுக்கினார்கள், முந்தைய ஆய்வாளர்கள் இருந்திருந்தால். விடுதிவாசிகள் வாங்குவது இரண்டு லிட்டர் ஐகியா சட்டி. அதில் ஒருவனுக்கு நூடுல்ஸ் வேகும், பண்டிகை வேகாது. பொங்கல் என்றால் பொங்கி வழிய வேண்டும். கண்ணாடி அடுப்பில் பால் வழிந்தால் கருகி ஒட்டும், பிளேடு வைத்த சுரண்டியால் மறுநாள் சுரண்ட வேண்டும். ஆகவே பொங்கியும் வழியாத அளவுக்குப் பெரிய பாத்திரம் தேவை. தளத்துக்கு ஒருவனிடம் அது இருக்கும். அவன் சமைக்கத் தெரியாதவனாக இருக்கலாம், பாதித் தாள்களில் தேறாதவனாக இருக்கலாம். இருந்தும் எந்தப் பண்டிகைக்கும் முதல் அழைப்பு அவனுக்கே. தை மாதம் பொங்கல் கண்ட அதே பாத்திரம் மார்ச்சில் தஹ்திக்கும் நோன்புச் சூப்பும் டிசம்பரில் பிரியாணியும் காணும். விடுதியில் பண்டிகையை நிர்ணயிப்பது பஞ்சாங்கமோ பிறையோ அல்ல, பாத்திரம் யாரிடம் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறதா என்பதுதான் என்பது இவ்வாய்வின் முடிபு.

எனவே இத்திணையின் உரிப்பொருள் பரிமாறலும் பரிமாறல் நிமித்தமும். நிமித்தம் என்றது கழுவுதலை. சுவரில் தொங்கும் துப்புரவு முறைப் பட்டியலில் அந்த வாரம் யார் பெயர் இருந்தாலும், அவர் மறுநாள் காலை நூலகத்தில் இருப்பார்.

அடுத்த செமஸ்டருக்குக் கிளம்பும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். ஊறுகாயையும் அப்பளத்தையும் சற்றுக் குறையுங்கள், அவை அங்கே கிடைக்கின்றன. பத்து லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை மூடியோடு பெட்டியில் வையுங்கள். உள்ளே ஸ்வெட்டரை அடைத்துக்கொள்ளலாம். அடி தட்டையாக இருக்கட்டும். உருண்டை அடி அந்த அடுப்பில் நிற்காது.