சாலைக்குச் சுங்கம், சரித்திரம் இலவசம்

கப்பலூர்ச் சுங்கச்சாவடியைத் தாண்டக் காசு வேண்டும். உள்ளூர் வண்டிகளுக்காவது விலக்குக் கொடுங்கள் என்று திருமங்கலத்துக்காரர்கள் வருஷக்கணக்கில் மறித்துப் பார்த்தாயிற்று. அதே வண்டி மதுரைக்குள் போய், தமுக்கம் மைதானத்தருகே காந்தி அருங்காட்சியகத்தில் நின்றால், நுழைவுக் கட்டணமே கிடையாது. தார்ச்சாலைக்கு விலை வைத்த நாடு, சுதந்திரப் போராட்டத்தைச் சும்மா கொடுக்கிறது.

இந்த அருங்காட்சியகம் 1959இல் நேரு திறந்துவைத்தது. மேல்சட்டையைக் கழற்றி நாலுமுழ வேட்டிக்கு மாறியவருக்கு, அதுவும் 1921இல் இதே மதுரையில் மாறிய காந்திக்கு, கிடைத்த வீடு ராணி மங்கம்மாள் அரண்மனை. எளிமையைப் பராமரிக்கத்தான் எவ்வளவு செலவு! பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டைப் பூசிவிட முடியாது. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. அதற்குக் கடும் வெளிச்சமும் ஆகாது, ஈரமும் ஆகாது. நிதி நெருக்கடி என்று சொன்னால் கரையானுக்குப் புரியுமா?

புதுக் கட்டடம் என்றால் தனிக் கதை. கீழடி அருங்காட்சியகத்துக்குப் 18 கோடி ரூபாய்க்கு மேல் போட்டு, 2023இல் செட்டிநாட்டுப் பாணியில் ஜோராகத் திறந்தார்கள். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. ஒழுகும் கூரையை அடைத்தவருக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

வசூல் கலையைக் காந்தியிடமே கற்கலாம். கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கியவர். வந்த பரிசுகளை மேடையிலேயே ஏலம் விட்டவர். இன்று செல்ஃபி ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வைத்தால் கூரைக்கு ஓடாவது தேறும். சுங்கம் வசூலிக்க ஆள் வேண்டுமென்றால், கப்பலூரில் அனுபவசாலிகள் இருக்கிறார்கள்.