கோச்சுக்கு ஜாதகம் பார்ப்பவர்கள்

டெக்சாஸில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் புதுக் கணக்கு வாத்தியார் வருகிறார் என்றால், அவர் வகுப்பில் உட்காரப்போகிற பிள்ளைகளுக்கே அந்தச் செய்தி பள்ளி திறந்த அன்றுதான் தெரியும். கால்பந்துக் கோச் வருகிறார் என்றால் சலூனிலிருந்து சர்ச் வரைக்கும் வேறு பேச்சு இருக்காது. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு பதினொரு பேர் பதினொரு பேர் மேல் போய் விழுகிற அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவானால் ஊர் முழுக்க மைதானத்தில் இருக்கும். டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில், பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதற்காக 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை 2012இல் திறந்தார்கள். செலவு ஏறக்குறைய 6 கோடி டாலர். கடன் பத்திரத்துக்கு ஊர் மக்களே வாக்களித்து ஒப்புதல் கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு, பூட்டிப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. ஒரு கால்பந்து ஊரில் கோச்சின் தலையில் கட்டப்படாமல் தப்பிய குறை அந்த விரிசல் ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் தலைமைக் கோச் பதவி காலியானால் தேர்வுக் குழு கூடுகிறது. பள்ளி வாரிய உறுப்பினர்கள், கல்வி மாவட்டத்தின் கண்காணிப்பாளர், பள்ளி முதல்வர், அணிக்குப் பணம் திரட்டிக் கொடுத்து, வெளியே நின்றபடி உள்ளே குரல் கொடுக்கும் பூஸ்டர் கிளப் பெற்றோர்கள் என்று எல்லோரும் விண்ணப்பத்தில் முதலில் தேடுவது ஒரே வரியைத்தான்: இதற்கு முன் எத்தனை ஆட்டம் ஜெயித்தார், எத்தனை தோற்றார்? கல்வித் தகுதி, பாடம் நடத்தும் திறமை, பிள்ளைகளிடம் பழகும் விதம் எல்லாம் அடுத்த பக்கத்தில் இருக்கும். அடுத்த பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. இந்த வெற்றி தோல்விக் கணக்கைக் கோச்சின் ஜாதகம் என்று நம்பி ஆள் எடுப்பதுதான் எல்லாத் துன்பத்துக்கும் ஆரம்பம் என்பது என் கட்சி. அந்த ஜாதகத்தில் எழுதியிருப்பது பாதிக்கு மேல் அவர் முன்பு வேலை பார்த்த ஊரின் கிரக நிலை. ஊரை விட்டு வரும்போது அதை அவர் கூடவே எடுத்து வருவதில்லை. எடுத்து வரவும் முடியாது.

ஆதாரம் வேண்டும் என்பவர்களுக்கு டாட் டாட்ஜைக் காட்டலாம். டெக்சாஸின் சவுத்லேக் கேரல் பள்ளியில் 2002 முதல் 2006 வரை ஐந்து பருவங்களில் அவர் அணி 79 ஆட்டங்களில் வென்று ஒன்றில் தோற்றது. இந்த ஜாதகத்தைப் பார்த்த வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போயிற்று. அங்கே அவர் கணக்கு 6 வெற்றி, 37 தோல்வி. நான்காம் பருவம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு முந்தைய தலைமுறையில் ஜெரி ஃபாஸ்ட் இருந்தார். சின்சினாட்டி நகரின் மோலர் பள்ளியில் 174 வெற்றி, 17 தோல்வி, 2 சமன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மூலஸ்தானமான நோட்டர் டேம் 1981இல் அவரை நேரே பள்ளியிலிருந்து தூக்கியது. ஐந்து வருஷத்தில் 30 வெற்றி, 26 தோல்வி, ஒரு சமன், ராஜினாமா. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் புலாஸ்கி அகாடமியில் கோச்சாக இருந்த கெவின் கெல்லி இன்னும் சுவையான மனிதர். நான்கு முயற்சியில் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பது ஆட்ட விதி. மூன்று தவறினால் நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரியிடம் கொடுத்துவிடுவது உலக வழக்கம். கெல்லி, கொடுக்கவே மாட்டேன் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்; ஒன்பது முறை மாநிலப் பட்டமும் வென்றார். அதே கணக்குடன் 2021இல் பிரஸ்பிடீரியன் கல்லூரிக்குப் போனார். முதல் இரண்டு ஆட்டமும் வெற்றி, அதற்குப் பிறகு ஒன்பதும் தோல்வி. பருவம் முடிந்ததும் அவரும் கிளம்பிவிட்டார்.

பள்ளி வேறு, கல்லூரி வேறு, மீன் குழம்பு வைக்கிறவரிடம் மைசூர்பாகு கேட்டால் எப்படி என்று ஆட்சேபிக்கலாம். நியாயம்தான். அதனால் டாட்ஜின் கதையைத் தொடர்ந்து பார்ப்போம். கல்லூரியில் அடிபட்டவர் பள்ளிக்குத் திரும்பினார். முதலில் மார்பிள் ஃபால்ஸ் என்ற சிறிய ஊர். அங்கே இருந்த இரண்டு பருவங்களில் மாநிலப் பட்டம் பக்கத்தில் வரவில்லை. பிறகு ஆஸ்டின் நகரின் வெஸ்ட்லேக் பள்ளி. அங்கே 2019, 2020, 2021 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். ஒரே மனிதர், ஒரே மூளை, ஒரே விசில். மார்பிள் ஃபால்ஸில் அவருக்கு மறதி வந்து வெஸ்ட்லேக்கில் ஞாபகம் திரும்பியது என்று யாரும் சொல்லப்போவதில்லை. வெஸ்ட்லேக் வசதியான புறநகர். அவர் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1996இல், ட்ரூ ப்ரீஸ் என்ற பையன் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக நின்று பட்டம் வாங்கிக் கொடுத்த பள்ளி. பிள்ளைகள் எத்தனை பேர், நடுநிலைப் பள்ளியிலிருந்தே அதே ஆட்ட முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்களா, துணைக் கோச்சுகளுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இருக்கிறதா, மாலையில் பையன் பளு தூக்கப் போகிறானா, மளிகைக் கடை வேலைக்குப் போகிறானா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த 79ஐயும் 6ஐயும் எழுதுகின்றன. கோச்சின் கையெழுத்து கீழே இருக்கிறது என்பதற்காக முழுக் கடிதமும் அவர் எழுதியதாகிவிடாது.

சரி, ஊர் மாறினால்தானே சிக்கல், ஒரே ஊரில் இருந்தவரின் கணக்கையாவது நம்பலாமே என்றால், டெக்சாஸின் ஒடெஸா ஊரின் 1988ஆம் வருஷம் குறுக்கே வந்து நிற்கிறது. பெர்மியன் பள்ளியின் அந்தப் பருவத்தைப் பற்றி பிஸிங்கர் எழுதிய புத்தகம் பின்னர் சினிமாவாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கோச் கேரி கெயின்ஸ். பக்கத்து ஊரான மிட்லண்டின் லீ பள்ளியிடம் 22-21 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். வீட்டுக்குப் போனால் தோட்டத்துப் புல்வெளியில் ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகைகளை யாரோ நட்டுவைத்திருந்தார்கள். பருவ முடிவில் மூன்று அணிகள் சமமாக நிற்க, அடுத்த சுற்றுக்கு இரண்டு அணிக்குத்தான் இடம். மூன்று கோச்சுகளும் நள்ளிரவுக்கு மேல் நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில் கூடி நாணயம் சுண்டினார்கள். கெயின்ஸின் காசு சரியாக விழுந்தது. அரையிறுதி வரை போய் டாலஸ் கார்ட்டர் பள்ளியிடம் தோற்றார். கார்ட்டர் பட்டம் வென்றது. ஆனால் அந்த அணியில் ஒரு பையனின் அல்ஜீப்ரா மதிப்பெண்ணைப் பற்றிய வழக்கு நீண்டு, பின்னால் பட்டமே பறிபோயிற்று. ஒரு கோச்சின் திறமையை ஒரு புள்ளி, ஒரு நாணயம், ஓர் அல்ஜீப்ரா வினாத்தாள் மூன்றும் சேர்ந்து நிர்ணயித்த வருஷம் அது. மறு வருஷமே கெயின்ஸ் ஓர் ஆட்டமும் தோற்காமல் மாநிலப் பட்டம் வென்றார். அதே மனிதர் 2009இல் அதே பள்ளிக்குத் திரும்பி நான்கு பருவங்கள் இருந்தார், பட்டம் திரும்பவில்லை. ஊர் மாறாவிட்டாலும் காலம் மாறுகிறது. இதில் எந்த வருஷத்துக் கெயின்ஸுக்கு ஜாதகம் பார்ப்பது?

மறுபக்கத்தில், ஜாதகமே இல்லாமல் வந்தவர்கள் இருக்கிறார்கள். கொலராடோவின் ட்ரினிடாட் என்ற ஊரில் 1943இல் கத்தோலிக்கப் பள்ளியின் கோச்சைப் போருக்கு அழைத்துக்கொண்டார்கள். அணியைக் கலைக்க வேண்டியதுதான் என்று இருந்தபோது, ஆடிக்கொண்டிருந்த ஜான் கல்யார்டி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். வயது 16. அந்தப் பையன் பிறகு கல்லூரிக் கோச்சாகி, மின்னசோட்டாவின் செயின்ட் ஜான்ஸில் அறுபது பருவம் இருந்து, மொத்தம் 489 வெற்றியோடு ஓய்வு பெற்றார். கல்லூரிக் கால்பந்தில் அதற்கு மேல் ஜெயித்தவர் கிடையாது. பயிற்சியில் ஒருவரை ஒருவர் கீழே சாய்க்கக் கூடாது, விசில் கிடையாது, தன்னைக் கோச் என்று கூப்பிடக் கூடாது என்பவை அவர் விதிகள். இந்தப் பதில்களை இன்றைய நேர்காணலில் சொல்லியிருந்தால் மூன்றாவது விதிக்குள் கார் நிறுத்துமிடத்துக்கு வழி காட்டியிருப்பார்கள். கலிபோர்னியாவின் கான்கார்ட் ஊரில் டி லா சால் பள்ளி, தோல்வியைவிட வெற்றி கூடுதலாக ஒரு பருவத்தைக்கூடப் பார்த்திராத காலத்தில், 1979இல், பாப் லடசூர் என்ற இருபத்தைந்து வயதுக்காரரிடம் அணியை ஒப்படைத்தது. மதபோதனைப் பாடமும் நடத்திய வாத்தியார் அவர். 1992இல் தொடங்கி 2004 வரை அவர் அணி தொடர்ச்சியாக 151 ஆட்டங்கள் தோற்கவில்லை.

இங்கே கெட்டிக்கார வாசகர் ஒருவர் கை தூக்குவார். ஜாதகம் இல்லாமல் வந்து ஜெயித்த இருவரைச் சொல்கிறீர், வந்து தோற்றுப் பெயர் தெரியாமல் போன ஆயிரம் பேரைப் பற்றி யார் புத்தகம் எழுதினார்கள் என்பார். எழுதவில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். அனுபவம் இல்லாதவரைத் தேடிப் பிடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் இன்னொரு ஜாதகம்தான், வெறும் கட்டம் போட்டது. கணக்கு நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அதை வைத்து ஆரூடம் சொல்ல முடியாது என்கிறேன். அப்படியானால் எதைப் பார்ப்பது? நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதைப் பார்க்கலாம். ஆட்டம் வெள்ளிக்கிழமை 48 நிமிஷம். திங்கள் முதல் வியாழன் வரை இந்த மனிதர் பதினாறு வயதுப் பையன்களை என்ன செய்கிறார் என்பது அதைவிட நீளமான கதை. அதற்கு அவருடைய பழைய மாணவர்களை, அதிலும் மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவனை, கேட்டால் போதும். நட்சத்திரத்தை எல்லாக் கோச்சுக்கும் பிடிக்கும்.

கோச் என்ன வாத்தியாரா என்று கேட்பவர்களுக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. எந்தப் பாடத்திலாவது 70 மதிப்பெண் எடுக்காத பிள்ளை ஆடக் கூடாது என்று டெக்சாஸ் 1984இல் சட்டம் போட்டது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் மார்க் வைட் 1986 தேர்தலில் தோற்றார். எண்ணெய் விலை, வரி என்று காரணங்கள் பல. கோச்சுகளின் கோபமும் அவற்றில் ஒன்று என்று பேச்சு உண்டு. ஆளுநர் போனார், சட்டம் தளர்ந்தும் நின்றது. ஆனால் ஊரின் தராசு நிமிரவில்லை. பிஸிங்கர் புத்தகத்தின் கணக்குப்படி 1988இல் கெயின்ஸுக்கு 48,000 டாலர் சம்பளமும் ஓட்டப் புதுக் காரும். இருபது வருஷம் பாடம் நடத்திய ஆங்கிலத் துறைத் தலைவிக்கு 32,000, காரைப் பற்றிப் பேச்சில்லை. இன்று டெக்சாஸின் பெரிய பள்ளிகளில் கோச்சின் சம்பளம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவு கொடுக்கும்போது வெற்றி கேட்கக் கூடாதா என்று வரி கட்டுகிறவர் கேட்பது நியாயமான கேள்வி. தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கண்காணிப்பாளரால் விலை கொடுத்து வாங்க முடிவது உழைப்பும் நிதானமும்தான். வெற்றியை விற்கிற கடை இதுவரை திறக்கப்படவில்லை.

ஆகவே நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி போதும் என்பேன். கடைசிக் கால்பகுதி, இரண்டு நிமிஷம் பாக்கி, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறீர்கள். உங்கள் சிறந்த ஆட்டக்காரன் மோதி எழுந்து தலை சுற்றுகிறது என்கிறான். என்ன செய்வீர்கள்? தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது என்று 2009இல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. சில வருஷங்களில் ஐம்பது மாநிலங்களிலும் இதைப் போன்ற சட்டம் வந்துவிட்டது. கோச் சரியான பதிலை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்திருப்பார். அதனால் அதே கேள்வியை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களிடமும் கேட்க வேண்டும். பையனை வெளியே எடுத்து, அந்த ஒரு புள்ளியில் ஆட்டம் போனால், திங்கட்கிழமை வாரியம் என்ன செய்யும்? பூஸ்டர் கிளப் தலைவர் யாருக்கு போன் போடுவார்? பலகை நட யார் கடப்பாரை கொண்டு வருவார்? இதற்கு மென்று விழுங்காமல் பதில் சொல்ல முடியாத ஊருக்கு எப்பேர்ப்பட்ட கோச் வந்தாலும் பயனில்லை. தெற்கு கரோலினாவின் சம்மர்வில் ஊர் 1952இல் ஜான் மெக்கிஸிக் என்பவரை எடுத்து 2014 வரை வைத்துக்கொண்டது, 621 வெற்றி. அத்தனை பருவங்களில் 155 தடவை தோற்கவும் தோற்றார். அத்தனை வெள்ளிக்கிழமையும் ஊர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிற்று.

அவ்வளவு பொறுமை எங்களுக்கு வராது, தோற்றால் யாரையாவது திட்டியாக வேண்டுமே என்றால், அதற்கும் விளையாட்டின் விதிகளிலேயே ஏற்பாடு இருக்கிறது. நடுவர்கள் என்று சிலர் வாராவாரம் வருகிறார்கள். கோடு போட்ட சட்டை போட்டிருப்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அவர்களை எடுக்கத் தேர்வுக் குழு வேண்டாம், ஜாதகம் வேண்டாம், லட்சம் டாலர் சம்பளமும் வேண்டாம்.