காருக்கும் பல்லைப் புடிச்சுப் பாரு

வா கண்ணு. பழைய காரு வாங்கப் போறயாமா? போனுல படத்தைப் பாத்தே மனசைக் குடுத்துட்டியாமா, உங்கம்மா சொன்னா. செவப்பு வண்டி, மேல கண்ணாடிக் கூரை, உள்ள அகலமா ஒரு திரை. நல்லாத்தான் இருக்குது. சித்திரை வெயில்ல கூரையைத் தொறந்து வெச்சுட்டு எங்க போறதா உத்தேசம்?

கண்ணபுரம் சந்தையில காங்கேயம் காளை புடிக்கறவன் கொம்புக்கு அடிச்ச பெயிண்டையா பாப்பான்? வாயைத் தொறந்து பல்லைப் பாப்பான். சுழி பாப்பான். நடத்திப் பாப்பான். கடைசியாத்தான் வெலை பேச, துண்டுக்குள்ள கையை உட்டு வெரலைப் புடிப்பான். நீ எடுத்த எடுப்புலயே வெரலை நீட்டற!

“ஒரே ஓனருங்க, டாக்டரு ஓட்டுன வண்டிங்க”ன்னு புரோக்கரு சொல்லுவான். விக்கற காரையெல்லாம் டாக்டருங்களே ஓட்டியிருந்தா ஆசுபத்திரியில ஊசி போட்டது ஆரு? எத்தனாவது ஓனருன்னு ஆர்.சி.யிலயே இருக்குது, படி. அதுல இருக்கற சேசிஸ் நம்பரும் வண்டியில கொத்தியிருக்கறதும் ஒண்ணான்னு குனிஞ்சு பாரு. பேண்ட்டு அழுக்காகும். ஆகட்டுமே. பேங்கு பேரு இன்னும் ஆர்.சி.யில கெடந்தா, “கடனெல்லாம் முடிஞ்சுதுங்க”ங்கற பேச்சு செல்லாது. பேங்குக்காரன் குடுத்த என்.ஓ.சி.யும், கையெழுத்துப் போட்ட 35ஆம் நம்பர் பாரமும் கைக்கு வரோணும்.

இன்னொரு கூத்து. எரநூறு எடத்துல சோதிச்சோம்னு ஒரு அட்டை குடுக்கறாங்க. ஆரனுக்கு ஒரு டிக்கு, வைப்பருக்கு ஒரு டிக்கு. நீ அட்டையையா ஓட்டப் போற? பழக்கமான மெக்கானிக்கு ஒருத்தனைக் கூட்டிட்டுப் போ.

வெடியால போ. சொல்லாம போனா இன்னும் நல்லது. போனதும் பானட்டு மேல கையை வெய்யி. சுடுதா? நீ வாரதுக்கு முந்தியே சூடேத்தி வெச்சிருக்கான். ஆறிக் கெடந்தா, மொதல்ல ஆயில் மூடியைத் திருவிப் பாரு. அடியில பால் டீ நெறத்துல கொழகொழன்னு ஒட்டியிருந்தா எஞ்சினுக்குள்ள தண்ணி கலந்திருக்குமோன்னு சந்தேகப்படு. அப்பறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு நீ பின்னால போயி நில்லு. நீலப் புகையா, ஆயில் எரியுது. “குளுருக்குத்தானுங்க”ம்பான். மே மாசத்துலயும் அதேதான் சொல்லுவான்.

மீட்டரு 40,000 கிலோமீட்டருங்குமா? பிரேக்கு பெடலு ரப்பரைப் பாரு. மீட்டரைப் பின்னால சுத்தத் தெரிஞ்சவனுக்கு ரப்பரை மாத்தோணும்னு தோணியிருக்காது. டயரு ஓரத்துல நாலு நம்பரு இருக்கும். 3219ன்னா 2019ல 32ஆவது வாரம் செஞ்சது. அதுதான் கண்ணு, பல்லு. ஸ்டெப்னிக்கும் பாரு.

மெட்ராசு வண்டின்னா நெம்ப உசாரு. 2015 டிசம்பர்ல வெள்ளம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலு. முங்கின காரெல்லாம் கடலுக்கா போயிருச்சு? கழுவித் தொடைச்சு மேக்கால தாட்டி உட்டது ஏதாச்சும் இருக்காதா? வெளிய பாலீசு போட்டவன் சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துத் தொடைச்சிருக்க மாட்டான். நீ இழு. சுருண்டு கெடக்கற நுனியில சேத்துக் கறை கோடு போட்டிருக்கும். டிக்கியில ஸ்டெப்னியை எடுத்துட்டு அந்தக் குழியில கையை உட்டுத் தடவு, வண்டல் ஒட்டுதா? சீட்டுக்கு அடியில போல்ட்டு துருப்புடிச்சிருக்குதா? உள்ள ஏறுனதும் சென்ட்டு வாசம் மூக்கைத் துளைச்சா, கலியாணத்துக்கா கௌம்பியிருக்குது இந்தக் காரு? கால்மிதியைத் தூக்கி மோந்து பாரு. வெக்கப்படாத. அவனே வெக்கப்படல.

பழைய பைன் எத்தனை நிக்குதுன்னு அந்தப் போனுலயே பாக்கலாமாமா. படம் பாக்கற நேரத்துல சித்த அதையும் பாரு.

காசைக் குடுத்தா 29, 30ஆம் நம்பர் பாரத்துல கையெழுத்து வாங்கு. “பேரு மெதுவா மாத்திக்கலாமுங்க”ம்பான், கேக்காத. இன்சூரன்சுல பேரு மாத்த 14 நாளுதான். வித்தவனுக்கு இருந்த நோ கிளைம் தள்ளுபடியும் உனக்கு வராது, அவன்கூடவே போயிரும். இதையெல்லாம் உட்டுட்டு, ஒரு ஆள் ஒசரத்துக்கு அட்டைச் சாவியைப் புடிச்சுட்டு போட்டோவுக்கு நின்னயின்னா, நீ சிக்னலைத் தாண்டுற பைன் முச்சூடும் அவன் போனுக்குப் போகும். ரெண்டு மாசத்துல உன் ஊட்டைத் தேடிட்டு வருவான். காப்பி போட்டு வெய்யின்னு உங்கம்மாகிட்டச் சொல்லி வெச்சர்றேன்.