34-இல் 6 போனால் 32

ப்ளஸ் டூவில் கணக்குப் பாடமே எடுக்காமல் தப்பித்தவள் நான். 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ப்ளஸ் டூ முடித்திருந்தால் போதும் என்றார்கள். 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய். பிள்ளைக்கு 50 ரூபாய். இந்த வகுத்தலையே என் வீட்டுக்காரர்தான் போட்டுச் சொன்னார்.

குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் லைன், அதில் கடைசி வீட்டுத் திண்ணை. ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஆறரைக்குள் முடித்தாக வேண்டும், காட்டெருமை இறங்கிவிடும். அதற்குக்கூட யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. கரடிக்குத்தான் பயம்.

முதல் நாள் டிக்டேஷன். "தொண்ணூற்று எட்டு" என்றேன். பாதி சிலேட்டுகளில் 108. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்ட மாதிரி இருந்தது. திட்ட வாயெடுத்தவள், நானே ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். தொண்-ணூற்று எட்டு. நூறு காதில் விழத்தான் செய்கிறது! எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்த தமிழ், அடுத்த படியில் பத்தை விட்டுவிட்டு நூறைப் பிடித்துக்கொள்கிறது. தொள்ளாயிரத்துக்குப் போனால் ஆயிரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்கு 'தொண்டு' என்றொரு பெயர் உண்டு, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. தொண்டு வழக்கொழிந்து போயிற்று. தொல்லை மட்டும் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மூன்றாம் வகுப்பில் ஒருவன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியபோது ஒன்றாம் வகுப்பு. 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தபோது மூன்றாம் வகுப்பு. நடுவில் இரண்டாம் வகுப்பு என்று ஒன்று இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான். 34-இல் 6 போனால் எவ்வளவு என்று கேட்டேன். சிலேட்டில் 32.

"நாலுலருந்து ஆறு போவாது டீச்சர். அதான் ஆறுலருந்து நாலைக் கழிச்சிட்டேன்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் டீச்சர் ஆயிற்றே. "பக்கத்துல இருக்கிற மூணுகிட்ட ஒண்ணு கடன் வாங்கு. இப்ப உன்கிட்ட இருக்கிறது பதினாலு" என்றேன்.

"ஒண்ணுதானே வாங்கினேன்? பத்து எப்படி வந்துச்சு?"

ஒன்று வாங்கினால் பத்து என்று எழுதுகிறவர் எங்கள் முக்குக் கடைக்காரர் ஒருவர்தான். அவரை உதாரணம் காட்ட முடியுமா?

அந்த நேரத்தில் கொழுந்து பறிக்கும் வேலை முடிந்து அவன் அம்மா வந்தாள். நல்ல மழை நாள். சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"காலைல எத்தனை கிலோம்மா?"

"பதினாலு. மத்தியானம் ஒம்பது, சாயங்காலம் பதினொண்ணு."

"ஈரத்துக்கு எவ்ளோ கழிச்சாங்க?"

"ஒவ்வொரு நிறுவைக்கும் ரெண்டு."

"அப்ப இருபத்தெட்டு" என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

நான் விரல் விட்டுப் பார்த்தேன். 34-இல் 6 போக 28. சரிதான்! "டேய், இதே கணக்குக்குத்தானே சிலேட்டுல 32-ன்னு எழுதினே?"

"அது ஸ்கூல் கணக்கு டீச்சர். இது அம்மா கணக்கு."

பிரேசிலில் ரெசிஃபே நகரச் சந்தையில் வியாபாரம் செய்த 5 பிள்ளைகளை வைத்து 1985-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. கடையில் கேட்டால் நூற்றுக்கு 98 விடை சரி. அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 37. அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. குற்றம் என்னுடையது மட்டுமல்ல, உலகம் பூராவும் இருக்கிறது.

மறுநாளிலிருந்து கடனை ஒழித்தேன். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைப் பொறுக்கி வந்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். 34 என்றால் மூன்று கட்டு, நாலு உதிரி. ஆறு குச்சி கேட்டால் உதிரி போதாது, ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும். பிரித்தான். பதினாலு குச்சி சிதறியது. ஆறை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "கடனே வாங்கலையே டீச்சர்!"

இதில் ஒரே சிக்கல், குன்னூர்க் குளிர். திங்கட்கிழமை 40 கட்டு இருந்தது, வெள்ளிக்கிழமை 31. மிச்சம் யார் வீட்டு அடுப்பில் போயிற்று என்று நான் கேட்கவில்லை. "9 கட்டு, 90 குச்சி" என்று அவன்தான் கழித்துச் சொன்னான். தொண்ணூறு என்று சரியாகவே சொன்னான்.

அடுத்த வருடம் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தார்கள். மலர்தான் மேல் நிலை என்று விளக்கினேன். அவன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பூ வந்த செடியில என்ன கொழுந்து கிடைக்கும்?" என்றாள்.

ஊட்டிக்கு வருகிறவர்கள் குன்னூரில் வர்க்கி வாங்க எப்படியும் வண்டியை நிறுத்துவீர்கள். ஒரு பாக்கெட் ரப்பர் பேண்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போங்கள். குச்சி எங்களிடம் இருக்கிறது.